கை எட்டாத கண்ணாடி: கோவையில் ஒரு சிறு நிறுவனம் வணிகக் கட்டடங்களைப் பிடித்த விதம்

கண்ணாடி சுத்தம் செய்யும் சிறு தொழிலில் இறங்குகிற பலர் வீடுகளோடு நின்றுவிடுகிறார்கள். வணிகக் கட்டடங்களுக்குள் நுழைய முடியாததற்குக் காரணம் விலை என்று நினைக்கிறார்கள். இந்த நிகழ்வில் விலை மூன்றாவது, நான்காவது காரணமாகக்கூட இருக்கவில்லை. 2023 நடுப்பகுதி முதல் 2025 இறுதி வரை நடந்தவை இங்கே பதிவாகின்றன. நிறுவனம், வாடிக்கையாளர்கள் யாருடைய பெயரும் தரப்படவில்லை.

பின்னணி

மாமனும் மருமகனுமாக இருவர் நடத்தும் தொழில். மாமன் முன்பு ஒரு ஹவுஸ்கீப்பிங் ஏஜென்சியில் சூப்பர்வைசர். 2022 தொடக்கத்தில் சிங்காநல்லூரில் இருந்தபடி, வடவள்ளி, கணபதி, சரவணம்பட்டி பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் ஜன்னல், பால்கனிக் கண்ணாடி, கொசுவலை சுத்தம் செய்து கொடுத்தார்கள். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 1,200 முதல் 1,800 ரூபாய். ஆட்கள் தேவைக்கு ஏற்ப இரண்டு பேர் தினக்கூலிக்கு.

பொங்கலுக்கு முன்பும் தீபாவளிக்கு முன்பும் போன் ஓயாது. நடுவில் கிரகப்பிரவேச வேலை ஒன்றிரண்டு வரும். மற்ற மாதங்களில் வரவு பாதிக்கும் கீழே போய்விடும். ஒரு வீடு வடவள்ளி, அடுத்தது சரவணம்பட்டி என்றால் நாளில் இரண்டு மணி நேரம் ரோட்டிலேயே போகிறது. கிரில் கம்பிக்குள் கையை விட்டுத் துடைக்க வேண்டிய ஜன்னல்களில் நேரமும் விலையும் ஒருபோதும் ஒத்துப்போவதில்லை. ஒரே வீட்டுக்கு வருடத்தில் இரண்டாவது முறை போவது அரிது.

மாதாமாதம் வரும் வேலை வேண்டும் என்ற முடிவு இதிலிருந்துதான் வந்தது.

முதல் முயற்சி

2023 ஜூனில் 2,000 நோட்டீஸ் அடித்தார்கள். கிராஸ்கட் ரோடு, அவிநாசி ரோடு கடைகளில் கொடுத்தார்கள். பெரும்பாலான இடங்களில் நோட்டீஸ் செக்யூரிட்டியின் மேசையைத் தாண்டவில்லை. நிறுவன இணையதளங்களில் இருந்த பொது மின்னஞ்சல் முகவரிகளுக்கு அனுப்பியவற்றுக்கு ஒரு பதிலும் இல்லை.

பெரிய ஐடி வளாகம் ஒன்றின் பராமரிப்பு நிறுவனத்திடமிருந்து மட்டும் போன் வந்தது. பிஎஃப், இஎஸ்ஐ எண்கள், கயிற்றில் தொங்கி வேலை செய்யும் ஆட்களின் பயிற்சிச் சான்று, மூன்று வருட வரவு செலவுக் கணக்கு ஆகியவற்றைக் கேட்டார்கள். இவர்களிடம் எதுவும் இல்லை. பிஎஃப் குறைந்தது இருபது பேரும், இஎஸ்ஐ குறைந்தது பத்துப் பேரும் உள்ள இடங்களுக்குத்தான் கட்டாயம். நான்கு பேர் இருக்கும் தொழிலிடம் அதைக் கேட்டால் அந்த வேலை இவர்களுக்கானது இல்லை என்றே பொருள். அதைப் புரிந்துகொண்டு ஒதுங்கியதும் ஒரு முடிவுதான். இந்த அளவில் உள்ள பலர் அங்கேதான் கடன் வாங்கிக் கயிறும் பெல்ட்டும் வாங்கத் தொடங்குகிறார்கள்.

தெருவில் நின்று பார்த்தது

நோட்டீஸை நிறுத்திவிட்டு, அவிநாசி ரோட்டில் ஹோப் காலேஜ் முதல் லட்சுமி மில்ஸ் வரை காலை ஏழரை முதல் பத்து மணி வரை நடந்து பார்த்தார்கள். எந்தக் கட்டடத்தின் கண்ணாடியை யார், எதை வைத்து, எந்த உயரம் வரை துடைக்கிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொண்டார்கள்.

தரைத்தளக் கடைகளில் ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் ஈரத்துணியாலும் பழைய பேப்பராலும் துடைக்கிறார்கள். அது நன்றாகவே இருக்கிறது. யாரும் அதற்குத் தனியாகக் காசு தரமாட்டார்கள். ஆறு மாடிக்கு மேல் போனால் கயிறு, தொங்குமேடை வைத்திருக்கும் நிறுவனங்கள் வருடத்துக்கு இரண்டு முறை வருகின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில் தரைத்தளமும் மேலே இரண்டு மாடியுமாக நிற்கும் கார் ஷோரூம், ஃபர்னிச்சர் கடை, ஸ்கேன் சென்டர், கண் மருத்துவமனை, பல் மருத்துவமனைகள். இவற்றில் எட்டடி வரை கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது. அதற்கு மேல் ஒரு கோடு போட்டதுபோல் புழுதி தொடங்குகிறது. கயிற்று நிறுவனங்களுக்கு இது சில்லறை வேலை, ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்கோ கை எட்டாது.

அந்த ரோட்டுக்கே உரிய இன்னொரு காரணமும் இருந்தது. உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலப் பணி 2020 டிசம்பரில் தொடங்கி அப்போது நடந்துகொண்டிருந்தது. துடைத்த கண்ணாடி ஒரு வாரத்தில் மங்கியது. புழுதியைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டிய அவசியமே இல்லை.

62 கட்டடங்கள் பட்டியலில் ஏறின. மின்கம்பி கண்ணாடிக்கு மூன்று மீட்டருக்குள் போகும் கட்டடங்களைப் பிறகு அதிலிருந்து நீக்கிவிட்டார்கள். காரணம் அடுத்த பகுதியில்.

எடுத்த முடிவுகள்

*உயர வரம்பு.* 38 அடிக்கு மேல் வேலை எடுப்பதில்லை. ஏணியில் ஏறுவதில்லை, கயிறும் இல்லை. தரையில் நின்றபடி, 33 அடி நீட்டக்கூடிய, பிடிப்பவரின் உயரமும் சேர்ந்தால் 38 அடி எட்டும் கம்பத்தின் நுனியில் பிரஷ் வைத்து, குழாய் வழியே சுத்திகரித்த நீரைப் பாய்ச்சிக் கழுவும் முறையை எடுத்தார்கள். கம்பத்தில் கார்பன் இழை இருப்பதால் மின்சாரம் கடத்தும். உள்ளே நீரும் ஓடுகிறது. மின்கம்பி அருகே இருந்தால் அந்த வேலை வேண்டாம் என்பதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

*தண்ணீர்.* இந்த முறையில் கண்ணாடியைத் துடைப்பதில்லை, தானாகக் காயவிடுவார்கள். நீரில் உப்பு இருந்தால் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி நிற்கும். அவர்கள் வீட்டு போர்வெல் நீரை டிடிஎஸ் மீட்டரில் (நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி) பார்த்தபோது 1,100 பிபிஎம்முக்கு மேல் காட்டியது. வண்டல் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், ஆர்ஓ மெம்பரேன் தாண்டி வரும்போது 50 பிபிஎம் அளவு. அதன்பின் மீதி உப்பையும் உறிஞ்சும் டிஐ ரெசின் சிலிண்டர் தாண்டினால் 0 முதல் 5. பத்தைத் தாண்டினால் புள்ளி விழத் தொடங்கும் என்பதால் அன்றே ரெசின் மாற்ற வேண்டும். ஆர்ஓ இல்லாமல் நேராக ரெசினில் போர்வெல் நீரை விட்டால் சிலிண்டர் ஓரிரு நாளில் செத்துவிடும். இந்த வேலையில் பணம் கரைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

ஆர்ஓ மெதுவாகத்தான் இறக்கும், ஒரு பங்கு நல்ல நீருக்கு இரண்டு பங்குக்குமேல் கழிவு நீர் போகும். அதனால் யூனிட்டை வீட்டிலேயே வைத்து இரவில் 300 லிட்டர் டேங்கை நிரப்பி, காலையில் வாடகைக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நிமிடத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் செலவு, ஆக ஒரு டேங்க் இரண்டரை முதல் மூன்றேகால் மணி நேரம் தாங்கும். கம்பம், பிரஷ், 12 வோல்ட் பம்ப், பேட்டரி, 50 மீட்டர் ஹோஸ், ஆர்ஓ, ரெசின், டேங்க் எல்லாம் சேர்த்து 1.4 லட்சம் ரூபாய் ஆனது. இதில் பாதி நகைக் கடன்.

சொந்த நீரோடு வருவது எதிர்பாராத இடத்தில் கைகொடுத்தது. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் கட்டடங்களில் முதல் கேள்வியே தண்ணீர் எங்கே பிடிப்பீர்கள் என்பதுதான்.

*காகிதங்கள்.* குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் இலவசம், உடனே எடுத்தார்கள். வருட வரவு 20 லட்சத்துக்குக் கீழே என்பதால் ஜிஎஸ்டி கட்டாயம் இல்லை. ஆனாலும் தாமாகப் பதிந்தார்கள். வணிக வாடிக்கையாளருக்கு 18 சதவீதம் சுமை அல்ல, பெரும்பாலும் உள்ளீட்டு வரியாக, அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுத்துக்கொள்வார். மருத்துவமனைகள் விதிவிலக்கு: மருத்துவச் சேவைக்கு வரி விலக்கு இருப்பதால் அவர்களால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. அவர்களுக்கு விலை சொல்லும்போது வரியையும் சேர்த்த தொகையைத்தான் சொல்ல வேண்டும். பில்லில் ஜன்னல் சுத்தம் செய்வதற்கான சேவைக் குறியீடு 998532. ஊழியர் இழப்பீட்டுக் காப்பீடு நால்வருக்கு, பொதுப் பொறுப்புக் காப்பீடு ஒன்று. கூடவே ஒரு பக்கப் பாதுகாப்புக் குறிப்பு: எங்கே தடுப்புக் கூம்பு வைப்பார்கள், வாசல் கிரானைட் படியில் ஓடும் நீரை யார் உடனுக்குடன் மாப் போடுவார்கள், காட்சிக்கு வைத்த கார்களை எந்த நேரத்துக்குள் நகர்த்தித் தர வேண்டும். இந்த ஒரு பக்கத்தைப் படித்த அட்மின் மேனேஜர்கள்தான் பிறகு அதிகம் நம்பினார்கள்.

*யாரைப் பார்ப்பது.* கார் ஷோரூமில் முடிவு எடுப்பவர் சேல்ஸ் மேனேஜர் அல்ல, அட்மின் அல்லது ஃபெசிலிட்டி மேனேஜர். தயாரிப்பு நிறுவனங்கள் டீலர்களின் ஷோரூம் தோற்றத்தைத் தணிக்கை செய்வதால் அவருக்கு இது சொந்தக் கவலை. மருத்துவமனையில் ஹவுஸ்கீப்பிங் இன்சார்ஜ் பரிந்துரைப்பார், நிர்வாக அதிகாரி கையெழுத்துப் போடுவார். வங்கிக் கிளைகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். கிளை மேலாளர் விரும்பினாலும் மண்டல அலுவலகம் வரை போக வேண்டும். ஷோரூம்களுக்கு மாதத்தின் 5 முதல் 15 வரை, மாலை மூன்று மணிவாக்கில் போனார்கள். மாதக் கடைசியில் டெலிவரி நெருக்கடியில் யாரும் தலை நிமிர்வதில்லை.

ஒரு கண்ணாடி

விலை பேசும் முன் ஒரே ஒரு கண்ணாடியை இலவசமாகக் கழுவிக் காட்டுவது என்று வைத்துக்கொண்டார்கள். எந்தக் கண்ணாடி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதல் மாடியில், வாசலுக்கு நேர் மேலே, மேனேஜர் காரை நிறுத்திவிட்டு நடந்து வரும்போது கண்ணில் படும் கண்ணாடி. பக்கத்துக் கண்ணாடியைத் தொடமாட்டார்கள்.

கழுவும் வரிசை முக்கியம். முதலில் மேல் ஃப்ரேம், அதன் ரப்பர் பட்டி. பிரஷை அங்கே இரண்டு மூன்று முறை ஓட்டினால் காப்பித் தண்ணீர் போல அழுக்கு இறங்கும். அது சொட்டி முடியும்வரை கண்ணாடியை விட்டுவிட வேண்டும். பிறகு கண்ணாடியை மேலிருந்து கீழாகத் தேய்த்து, கடைசியில் பிரஷை இரண்டு விரல் தள்ளிப் பிடித்து நீரை மட்டும் ஓடவிட வேண்டும். வருடக்கணக்கில் கழுவாத ஃப்ரேமில் ஒரு தடவை போதாது. கண்ணாடி காய்ந்தபின் மேலிருந்து ஒரு மெல்லிய கோடு இறங்கி நிற்கும். அதனால் மாதிரிக் கண்ணாடியை எப்போதும் இரண்டு தடவை கழுவினார்கள். அரை மணி நேரம் காயவிட்டு, அதன்பிறகுதான் மேனேஜரை வெளியே அழைத்தார்கள். ஈரக் கண்ணாடி எல்லோர் கையிலும் அழகாகத்தான் தெரியும்.

பெரும்பாலான இடங்களில் வந்த மறுப்பு ஒன்றுதான்.

"ஹவுஸ்கீப்பிங் ஆளுங்க இருக்காங்களே, கண்ணாடி அவங்களே தொடைச்சுக்குவாங்க."

"கீழ் கண்ணாடி அவங்களே தொடைக்கட்டுமுங்க சார். அவங்க கை எட்டாத மேல் கண்ணாடி மட்டும் எங்களுக்குப் போதுங்க."

இந்தப் பதில் மேனேஜருக்காக மட்டும் சொன்னதல்ல. பக்கத்தில் நிற்கும் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசரின் காதிலும் விழ வேண்டும். தன் ஆட்களின் வேலை போய்விடும் என்று அவர் நினைத்துவிட்டால், மறுநாளே மேனேஜரிடம் "இவங்க வேண்டாம் சார், நாமளே கம்பு வாங்கிக்கலாம்" என்பார். மாமன் அதே வேலையில் இருந்தவர் என்பதால் இதை முன்கூட்டியே கணித்தார். இந்த நிகழ்வில் வேலையைத் திறந்துவிட்டது எது என்று கேட்டால், கருவியைவிட இதைத்தான் முன்னால் வைக்க வேண்டியிருக்கும்.

விலை வைத்த முறை

சதுர அடிக் கணக்கில் தொடங்கவில்லை. நாள் செலவிலிருந்து தொடங்கினார்கள். கம்பம் பிடிப்பவருக்கு 900, உதவியாளுக்கு 700, மாமன், மருமகன் இருவரில் ஒருவரின் மேற்பார்வைக்கு 1,000, வண்டி 600, நீரும் ரெசினும் 250, காப்பீடும் தேய்மானமும் 350. மொத்தம் 3,800 ரூபாய். ஒரே ரோட்டில் இருந்தால் காலையில் ஒரு கட்டடம், பிற்பகலுக்கு முன் இன்னொன்று. ஆக ஒரு கட்டடத்தின் செலவு 1,900.

2,400 சதுர அடிக் கண்ணாடி உள்ள ஷோரூமுக்குக் கொடுத்த விலை: முதல் சுத்தம் 9,500 ரூபாய். அதன்பின் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்தால் தடவைக்கு 3,800, மாதம் ஒருமுறை என்றால் 4,800, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றால் 7,500. எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி தனி. இடைவெளி கூடக் கூடத் தடவை விலை ஏன் ஏறுகிறது என்பதையும் ஒரு வரியில் எழுதியிருந்தார்கள்: புழுதியில் மழை பட்டுக் காய்ந்தால் ஒருமுறை தேய்ப்பது இரண்டு முறை ஆகிறது. மூன்று விலையைப் பார்க்கும் மேனேஜர் வேண்டுமா வேண்டாமா என்று யோசிப்பதில்லை, எது வேண்டும் என்று யோசிக்கிறார். பெரும்பாலோர் நடுவில் உள்ளதை எடுத்தார்கள். மேம்பாலத் தூண்களுக்கு நேர் எதிரே இருந்தவர்கள் பதினைந்து நாள் கணக்கை எடுத்தார்கள்.

உள்பக்கக் கண்ணாடியை விலையில் சேர்க்கவே இல்லை. கேட்டவர்களுக்குத் தனி விலை. பொருள்களை நகர்த்துவது, திரைச்சீலை, மேசை மேல் சொட்டும் நீர் என்று உள்வேலைக்கு நேரமே கணக்கில்லை.

முதல் நான்கு மாதம்

62-இல் முடிவெடுப்பவரிடம் பேச முடிந்தது 23 இடங்களில். மாதிரிக் கண்ணாடி 14, எழுத்தில் விலை கொடுத்தது 11, ஒப்பந்தம் 5. அந்த ஐந்தில் ஒன்றுகூட முதல் சந்திப்பில் வரவில்லை. மூன்றாவது, நான்காவது தொடர்பில்தான் வந்தன. ஒவ்வொரு கட்டடத்துக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, யார் முடிவெடுப்பவர், தற்போதைய ஹவுஸ்கீப்பிங் ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது, தணிக்கை எப்போது என்று எழுதி வைத்திருந்தது இதற்கு உதவியது.

ஐந்தில் ஒன்று நேரடி வாடிக்கையாளர் அல்ல. கண் மருத்துவமனை ஒன்றின் ஹவுஸ்கீப்பிங் ஏஜென்சியே இவர்களைத் துணை ஒப்பந்தமாக எடுத்தது. 15 சதவீதத்தைத் தனக்கு வைத்துக்கொண்டது, பணமும் தாமதமாக வந்தது. ஆனால் அதே ஏஜென்சி பிறகு வேறு இரண்டு கட்டடங்களையும் கொடுத்தது. கணக்குப் போட்டால் நஷ்டமில்லை.

தவறிய இடங்கள்

இரண்டாவது வேலையிலேயே ஒரு கோளாறு. ஷோரூமின் பெயர்ப்பலகை, முகப்பில் ஒட்டும் அலுமினியக் கலவைத் தகட்டின் (ஏசிபி) மேல் பொருத்திய எல்இடி எழுத்துகள். அவற்றின் அடாப்டர்கள் தகட்டுக்குப் பின்னால் இருந்தன. மேல் கண்ணாடியைக் கழுவும்போது தகட்டு இணைப்பின் வழியாக நீர் உள்ளே இறங்கியது. மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் இஎல்சிபி விழுந்து, பில்லிங் கம்ப்யூட்டர்கள் உட்பட தரைத்தளம் முழுதும் மின்சாரம் போனது. கடை திறக்க ஒரு மணி நேரம் இருந்ததால் பெரிய சேதம் இல்லை. எலக்ட்ரீஷியன் செலவும் புது அடாப்டரும் சேர்த்து 2,200 ரூபாயை அன்றே கொடுத்துவிட்டார்கள். அதுமுதல் பெயர்ப்பலகைக்கான எம்சிபி சுவிட்சைக் கட்டடத்து ஆளே அணைத்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பம்ப் ஓடும். அந்த ஷோரூம் இன்றும் வாடிக்கையாளர்.

அடுத்தது கறைத் தகராறு. ஒரு ஸ்கேன் சென்டரில் மாடித் தொட்டி நிரம்பி வழிந்த போர்வெல் நீர் வருடக்கணக்கில் நான்கு கண்ணாடிகளில் வெள்ளைக் கோடாக இறங்கியிருந்தது. சுத்தம் முடிந்ததும் மற்றவை பளிச்சென்று ஆகிவிட, இந்த நான்கும் முன்பைவிட மோசமாகத் தெரிந்தன. "காசு வாங்கிட்டுக் கறையை விட்டுட்டீங்களே" என்ற கேள்வி நியாயமானதுதான். முன்பே யாரும் சொல்லவில்லை. சுத்திகரித்த நீர் புழுதியை எடுக்கும், படிந்த சுண்ணத்தை எடுக்காது. மேலோட்டமான படிவு என்றால் மிதமான அமிலம் சேர்ந்த கறைநீக்கியால் போகும். அதையும் ஓரத்தில் உள்ளங்கை அளவு சோதித்துவிட்டுத்தான் போட வேண்டும், அலுமினிய ஃப்ரேமிலும் கீழே உள்ள மார்பிளிலும் ஒரு சொட்டு படக்கூடாது. கண்ணாடியே அரிக்கப்பட்டிருந்தால் சீரியம் ஆக்சைடு பாலிஷ்தான் வழி, அதிலும் முழுதாகப் போகும் என்ற உறுதி இல்லை. கழிவறை ஆசிட்டை ஊற்றுவதும், ஃப்ளோரைடு கலந்த கறைநீக்கியைக் கையுறைகூட இல்லாமல் தேய்ப்பதும் நம் ஊரில் சர்வசாதாரணம்; பின்னது கண்ணாடியையும் தின்னும், தோலுக்குள்ளும் இறங்கும். இவர்கள் அதைச் செய்ய மறுத்தார்கள். இரண்டு கண்ணாடிகளைச் செலவில்லாமல் பாலிஷ் போட்டுக் கொடுத்தார்கள், மற்ற இரண்டுக்குத் தனி விலை சொன்னார்கள். சென்டர் அதை ஏற்கவில்லை, ஆனால் மாத ஒப்பந்தம் தொடர்ந்தது.

பிறகு வந்த ஒவ்வொரு கட்டடத்துக்கும் வேலைக்கு முன் ஒரு ஆய்வுத் தாள் போட்டார்கள்: கீறல், சிமென்ட் துளி, உப்புக் கறை, கிழிந்த சீலன்ட், உடைந்த ரப்பர் பட்டி, ஒவ்வொன்றுக்கும் போட்டோ, அட்மின் கையெழுத்து. டஃபன் கண்ணாடியில் (சூடாக்கி உறுதியேற்றியது) சிமென்ட் துளியை பிளேடால் சுரண்டுவதில்லை என்பதும் அதிலேயே அச்சாகியிருக்கிறது. உற்பத்தியின்போது ஒட்டிக்கொண்ட நுண்துகள்கள் பிளேடில் சிக்கினால் நீளக் கீறல் விழும்; பழி சுரண்டியவர் மேல் வரும்.

காற்று இன்னொன்று. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் 25 அடிக்கு மேல் கம்பம் நிற்பதில்லை. பிரஷ் கண்ணாடியை விட்டு விலகி ஏசிபியில் இடிக்கிறது. வேலையைக் காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் முடிக்க வேண்டியதாயிற்று. அதாவது நாளுக்கு இரண்டு கட்டடம் என்ற கணக்கு அந்த மூன்று மாதமும் ஒன்றரையாகக் குறைந்தது.

பணம் வந்த விதம்

ஒப்பந்தம் கிடைத்த மகிழ்ச்சி இரண்டாவது மாதத்தில் அடங்கியது. வீட்டு வேலையில் அன்றே ஜிபேயில் வரும் பணம் இங்கே 60 முதல் 75 நாள் ஆனது. பில் போட்ட கணக்குப்படி ஜிஎஸ்டியை அடுத்த மாதம் 20-க்குள் கட்டியாக வேண்டும், பணம் வந்ததா என்று துறை கேட்பதில்லை. மாதம் 40,000 ரூபாய்க்கு பில் போட்டால் 7,200 ரூபாய் கைக்காசு.

தாமதத்துக்குப் பாதிக் காரணம் இவர்கள் பக்கமே இருந்தது. பில்லில் பர்ச்சேஸ் ஆர்டர் எண் இல்லை. வேலை முடிந்ததற்கான தாளில் காவலாளியின் கையெழுத்துதான் இருந்தது, அட்மினுடையது இல்லை. மாதம் 25-க்குப் பிறகு வரும் பில்லை அக்கவுண்ட்ஸ் அடுத்த சுற்றில்தான் எடுக்கும். இவற்றைச் சரிசெய்ததும் இரண்டு வாரம் குறைந்தது.

மீதியைச் சட்டம் குறைத்தது. குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ளது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 43பி(எச்) பிரிவு 2024 ஏப்ரல் 1 முதல், அதாவது 2023-24 நிதியாண்டின் கணக்குக்கே நடைமுறைக்கு வந்தபோது, அந்தக் கெடுவுக்குள் தராமல் வருட முடிவிலும் பாக்கியாக நின்ற தொகையை வாங்குபவர் அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாமல் போனது. இவர்கள் ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணை மேலேயே அச்சிட்டிருந்தார்கள். 2024 மார்ச்சில் வாடிக்கையாளர்களின் ஆடிட்டர்கள் நிலுவைப் பட்டியல் கேட்கத் தொடங்கியதும், யாரும் சண்டை போடாமலே மூன்று பாக்கிகள் தீர்ந்தன.

வரிப் பிடித்தத்தில் ஒரு சிறு குழப்பம். பில் தொகையிலிருந்து வாடிக்கையாளர் முன்கூட்டிப் பிடிக்கும் வரி, அப்போதிருந்த 1961 சட்டத்தின் 194சி பிரிவில் தனிநபர் உரிமையாளருக்கு 1 சதவீதம், கூட்டு நிறுவனத்துக்கு 2 என்று இருந்தது. ஒரு மருத்துவமனை இவர்கள் நிறுவனத்தின் பெயரைப் பார்த்து 2 சதவீதம் பிடித்தது. பான் எண்ணின் நான்காவது எழுத்து தனிநபருக்கு 'பி' என்பதைக் காட்டிய பிறகு மாற்றிக்கொண்டார்கள். முன்பு கூடுதலாகப் பிடித்தது வருமான வரிக் கணக்கில் திரும்ப வந்தது.

விளைவு

2025 முடிவில் 13 கட்டடங்கள் மாத ஒப்பந்தத்தில் இருந்தன. அதில் மாதம் 92,000 ரூபாய், வீட்டு வேலையில் சுமார் 20,000, இரண்டும் வரி நீங்கலாக. நிரந்தர ஆட்கள் மூவர். குட்டி யானை இப்போது சொந்தம், பழைய வண்டி. நகைக் கடன் 2024 இறுதியில் தீர்ந்தது.

ஒரு பெரிய ஷோரூமை இழந்தார்கள். பாதி விலைக்கு வேறொருவர் கயிற்றில் ஆள் இறக்கிச் செய்து தருவதாகச் சொன்னார். காப்பீடு இல்லை என்பதைச் சுட்டிக்காட்டியும் நிர்வாகம் பொருட்படுத்தவில்லை. அவர்கள் திரும்பி வரவும் இல்லை.

2025 அக்டோபர் 9-இல் மேம்பாலம் திறக்கப்பட்டது. புழுதி குறைந்தது. பதினைந்து நாள் கணக்கில் இருந்த நான்கு பேர் மாதக் கணக்குக்கு மாறக் கேட்டார்கள். மேலே சொன்ன 92,000 அந்த மாற்றத்துக்குப் பிந்தைய தொகை. அதற்கு முன்பு 10,000 ரூபாய் போலக் கூடுதலாக வந்துகொண்டிருந்தது. புழுதியைச் சொல்லி விற்றவர்களுக்கு, புழுதி போனால் என்ன சொல்வது என்ற கேள்விக்கு முன்கூட்டியே பதில் இல்லை.

மாற்ற வேண்டியவை

நோட்டீஸ் செலவு முழு வீண். அந்தப் பணத்தில் ஒரு உதிரி ரெசின் சிலிண்டர் வாங்கியிருக்கலாம். நடுவேலையில் மீட்டர் பத்தைத் தாண்டிய நாட்களில் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. ஆய்வுத் தாள் முதல் வேலையிலிருந்தே இருந்திருக்க வேண்டும். முதல் சுத்தத்துக்குப் பாதி முன்பணம் கேட்கத் தயங்கியது தேவையற்ற தயக்கம். பிறகு கேட்டபோது யாரும் மறுக்கவில்லை.

2026-க்கான புதிய ஒப்பந்தத்தில் நான்கு வரிகள் கூடியுள்ளன. இரு தரப்பும் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். ஏப்ரலில் 6 சதவீத விலை உயர்வு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றினால் தள்ளிப்போகும் வேலை அதே மாதத்துக்குள் ஈடுகட்டப்படும், அபராதம் இல்லை. கறை, பாலிஷ் தனி விலை. எந்த ஒரு வாடிக்கையாளரும் மொத்த வரவில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதவில்லை, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள்.

அவிநாசி ரோட்டை மட்டும் நம்பாமல் சத்தி ரோட்டுக்கும் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அது கணபதியிலிருந்து தொடங்குகிறது. அங்கே மின்கம்பிகள் கட்டடத்தை ஒட்டியே போவதால் முதல் சுற்றிலேயே ஒன்பது கட்டடங்கள் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டன.